முதல் இசைக்கருவி வாங்குவது எப்படி: கையும் காதும் சொல்வதைக் கேளுங்கள்

புதிதாக வாசிக்கத் தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் ‘எந்த கம்பெனி நல்லது?’ என்பதுதான். நெடுங்காலம் வாசித்தவர்கள் கடையில் என்ன செய்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். கருவியைக் கையில் எடுத்ததும் சுருதி சேர்ப்பார்கள், ஒரே சுரத்தை மெதுவாக வாசித்து, கொஞ்சம் அழுத்தி வாசித்து, மறுபடி மெதுவாக வாசித்துக் கேட்பார்கள், கழுத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து நீளவாக்கில் பார்ப்பார்கள், பெயரையும் விலைச்சீட்டையும் எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான் பார்ப்பார்கள். நான் சொல்ல வருவதும் அதுதான். ஒழுங்காகச் சரிசெய்யப்பட்டு உங்கள் கைக்கு இணங்கி வருகிற சாதாரணக் கருவி, பெரிய பெயர் இருந்தும் சரிசெய்யாமல் கிடக்கிற கருவியைவிட, தொடக்கத்தில் இருப்பவருக்கு எவ்வளவோ மேல்.

இங்கே கிட்டார், வயலின், பியானோ வகைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவும், காற்றுக்கருவிகளையும் டிரம்ஸையும் பற்றிச் சுருக்கமாகவும் எழுதுகிறேன்.

முதலில் ஒலி, பிறகு கருவி

எந்தக் கருவி என்றே இன்னும் முடிவு செய்யவில்லையா? ‘இது சுலபம், இதை எடு’ என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். எந்தக் கருவியாக இருந்தாலும் முதல் சில மாதங்கள் படாதபாடு படுத்தும். அந்த மாதங்களைத் தாண்ட வைப்பது அந்த ஒலிமேல் உங்களுக்கு இருக்கிற ஆசைதான். பாட்டு கேட்கும்போது உங்கள் காது தானாக எந்தக் கருவியின் பின்னால் போகிறது என்று சில நாட்கள் கவனியுங்கள், பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

அடுத்தது இடம். எங்கே, எந்த நேரத்தில் வாசிக்கப் போகிறீர்கள்? பக்கத்துச் சுவருக்கு அப்பால் ஆட்கள் இருக்கிற வீட்டில் இரவில் மட்டும்தான் நேரம் கிடைக்கும் என்றால், அக்கூஸ்டிக் (மின்சாரம் இல்லாமல் தானே ஒலிக்கும்) டிரம்ஸ் வாங்குவது உங்களுக்கும் நல்லதல்ல, அவர்களுக்கும் நல்லதல்ல. அதற்கு மின்னணு டிரம்ஸ் இருக்கிறது. அடிக்கிற பரப்பில் தோலுக்குப் பதில் வலைத்துணி போட்டவை கிட்டத்தட்டச் சத்தமே இல்லாமல் அடிக்கக்கூடியவை, ஆனால் காலால் மிதிக்கும் பெடலின் அதிர்வு தரை வழியாகக் கீழ்வீட்டுக்குப் போகும், அதற்குத் தடிமனான விரிப்பு போட வேண்டியிருக்கும். டிஜிட்டல் பியானோவில் ஹெட்போன் மாட்டிக்கொள்ளலாம். டிரம்பெட்டுக்கு ஒலியை அடக்குகிற மியூட் உண்டு. சாக்ஸபோனை அவ்வளவு எளிதில் அடக்க முடியாது, ஏனென்றால் அதன் ஒலி வாயிலிருந்து மட்டுமல்லாமல் உடல் முழுக்க இருக்கிற துளைகளிலிருந்தும் வருகிறது.

மூன்றாவது, சொல்லித்தரப் போகிறவர். ஆசிரியரை முடிவு செய்துவிட்டீர்கள் என்றால் அவரிடம் கேட்காமல் எதையும் வாங்காதீர்கள். நைலான் தந்தி போட்ட கிளாசிக்கல் கிட்டார் சொல்லித்தருபவரிடம் எஃகுத் தந்தி கிட்டாரோடு போய் நின்றால் வேலைக்கு ஆகாது, கழுத்தின் அகலமே வேறு: கிளாசிக்கலில் நட் பகுதியில் (தலைக்குக் கீழே தந்திகள் ஏறிச் செல்கிற பட்டை) சுமார் 52 மில்லிமீட்டர், எஃகுத் தந்தி கிட்டாரில் 43 அல்லது 44. ரெக்கார்டரில் பரோக், ஜெர்மன் என்று இரண்டு விரல் முறைகள் இருக்கின்றன. ஜெர்மன் முறையில் தொடக்கத்தில் ஒரு சுரம் எளிதாக இருக்கும், அப்புறம் மற்ற சுரங்களில் சுருதி சேராமல் தொல்லை கொடுக்கும், அதனால் பரோக் முறையே வாங்குங்கள். கிளாரினெட்டிலும் இப்படித்தான், ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஓலர் முறை, உலகின் மற்ற இடங்களில் பெரும்பாலும் பெம் முறை. தெரியாமல் மாற்றி வாங்கிவிட்டால் கற்ற விரல் பழக்கத்தையே மாற்ற வேண்டிவரும்.

அளவு

குழந்தைக்கு வாங்குகிறவர்கள் ‘வளர்ந்தாலும் உதவுமே’ என்று பெரிய அளவு எடுப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம். பெரிய வயலினைத் தூக்கிப் பிடிக்கிற குழந்தை தோளை உயர்த்தி, மணிக்கட்டை வளைத்து, வலியோடு வாசிக்கப் பழகிவிடும், அந்தப் பழக்கத்தை எடுப்பது புதிதாகக் கற்பதைவிடக் கடினம். வயலினில் முழு அளவு, முக்கால், அரை, கால், அரைக்கால் என்று இறங்கி வீசம் அளவு வரைக்கும் இருக்கிறது. இடது கையை நேராக நீட்டி, கழுத்திலிருந்து உள்ளங்கை நடு வரை அளந்தால் சுமார் 58, 59 சென்டிமீட்டர் வந்தால்தான் முழு அளவு. அதற்குக் கீழே என்றால் கடைக்காரர் ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்துப் பார்ப்பார். இரண்டு அளவுக்கு நடுவில் சந்தேகம் வந்தால் சின்னதை எடுங்கள்.

கிட்டாருக்கும் அதே நியாயம்தான். முழு அளவு கிளாசிக்கல் கிட்டாரின் தந்தி நீளம் 650 மில்லிமீட்டர். முக்கால் அளவு, அரை அளவு கிட்டார்களும் உண்டு. பெரியவர்களிலும் சிறிய கை உள்ளவர்கள் குட்டை நீளக் கிட்டார்களை வாசித்துப் பார்க்கலாம். கிப்சன் கம்பெனிக் கிட்டாரின் வழக்கமான தந்தி நீளம் 628 மில்லிமீட்டர் அளவு, ஃபெண்டருடையது 648. கேட்கும்போது ஒன்றுமில்லை போலத் தோன்றும் இந்த வித்தியாசத்தை விரல் உடனே கண்டுபிடித்துவிடும்.

வளரும் குழந்தைக்கு வயலினோ செல்லோவோ வேண்டும் என்றால் வாடகைக்கு எடுப்பதைத் தயங்காமல் யோசியுங்கள். பல வயலின் கடைகளில் அளவு மாறும்போது மாற்றிக்கொடுப்பார்கள், சில கடைகளில் கட்டிய வாடகையில் ஒரு பகுதியைப் பின்னால் வாங்கும்போது கழித்தும் கொடுப்பார்கள். ஒப்பந்தத்தில் உடைந்தால் யார் பொறுப்பு என்ற வரியை மட்டும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கையில் இருக்கும் காசைப் பிரிப்பது

மொத்தக் காசையும் கருவிக்கே கொடுத்துவிடாதீர்கள். கிட்டார் என்றால் பை, ட்யூனர், மாற்றுத் தந்தி, செட்டப் (கருவியை வாசிக்கத் தோதாகச் சரிசெய்வது) செலவு. எலெக்ட்ரிக் கிட்டார் என்றால் ஆம்ப்ளிஃபயர். சுமாரான கிட்டாரை நல்ல ஆம்ப் காப்பாற்றும், நல்ல கிட்டாரை மட்டமான ஆம்ப் கெடுத்துவிடும். கீபோர்டு என்றால் ஆடாத ஸ்டாண்டும் சரியான உயரத்தில் இருக்கையும், கட்டையை விட்ட பிறகும் ஒலியை நீட்டுகிற சஸ்டெய்ன் பெடலும். சாக்ஸபோன், கிளாரினெட் என்றால் ரீடுகள் (ஊதுவாயில் அதிர்கிற மெல்லிய பட்டைகள்) தொடர்ந்து தீர்ந்துகொண்டே இருக்கும், ஊதுவாயை மாற்றினால் ஒலி மாறுகிற அளவு கருவியை மாற்றினால்கூட மாறாது, அதனால் அதற்கென்று தனியாக எடுத்து வையுங்கள்.

வயலினில் வில் தனிக் கணக்கு. வயலின் விலையில் மூன்றில் ஒரு பங்கு அல்லது நான்கில் ஒரு பங்கை வில்லுக்கு ஒதுக்குவது வாசிப்பவர்களிடம் நெடுநாளாக இருக்கிற வழக்கம். வயலினோடு சேர்ந்து பெட்டியில் வருகிற வில் பெரும்பாலும் அதிலேயே மிகப் பலவீனமான பொருள். நல்ல வில் சுமார் 60 கிராம்தான் இருக்கும். மயிரை இறுக்கிவிட்டு நீளவாக்கில் பார்த்தால் பக்கவாட்டில் வளையாமல் நேராக இருக்க வேண்டும், நடுவில் உள்நோக்கிய வளைவு மறைந்துவிடக் கூடாது. உயர்தர வில்கள் பெர்னாம்புகோ என்ற பிரேசில் மரத்தில் செய்யப்படுகின்றன, அந்த மரம் அழிவின் விளிம்பில் இருப்பதால் 2007 முதல் அதன் சர்வதேச வணிகத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது கார்பன் ஃபைபர் வில். மழை வெயிலுக்கு வளையாது, அந்த விலையில் கிடைக்கிற மரவில்லைவிடப் பெரும்பாலும் ஒழுங்காக நடந்துகொள்ளும்.

மிக மலிவான கருவி எதையும் வாங்காதீர்கள், ஏனென்றால் சுருதி நிற்காத கருவியில் கற்றால் தவறு உங்களுடையதா கருவியுடையதா என்று கடைசிவரை தெரியாது. பழுதுபார்ப்பவர்கள் கையில் எடுக்கவே மறுக்கிற புல்லாங்குழல்களும் சாக்ஸபோன்களும் இருக்கின்றன, சாவிகள் மெல்லிய உலோகத்தில் இருப்பதால் நிமிர்த்தினாலும் அடுத்த வாரம் வளைந்துவிடும், மாற்றுப் பாகமும் கிடைக்காது. அதேபோல முதல் கருவியே மேடைக் கலைஞர் வைத்திருப்பதாக இருக்க வேண்டியதும் இல்லை. பெயர் பெற்ற தயாரிப்பாளர்களின் மாணவர் வரிசைக் கருவிகள் இப்போது நன்றாகவே இருக்கின்றன.

செட்டப்: எல்லாவற்றையும்விட இதுதான்

தொழிற்சாலையிலிருந்து வருகிற தந்திக் கருவி பெரும்பாலும் வாசிக்கத் தயாராக இருப்பதில்லை. தந்தியின் உயரம், கழுத்தின் வளைவு, நட், பிரிட்ஜ் (உடல் பக்கம் தந்திகளைத் தாங்குகிற துண்டு) எல்லாவற்றையும் ஒருவர் கையால் சரிசெய்து கொடுப்பதைத்தான் செட்டப் என்கிறார்கள். விரல் வலிக்கிறது, எனக்கு இது வராது என்று கிட்டாரை மூலையில் வைத்துவிட்டவர்களில் பலருடைய கிட்டாரில் தந்தி அளவுக்கு மீறி உயரமாக இருந்திருக்கும். அவர்கள் விரலில் ஒரு குறையும் இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் மனசு கஷ்டமாக இருக்கிறது.

கிட்டாரில் நீங்களே பார்க்கக்கூடியவை இவை. ஒரு சின்ன ஸ்கேலை எடுத்துப் போங்கள். 12ஆம் ஃபிரெட்டின் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளில் 12ஆவது) உச்சியிலிருந்து தடித்த தந்தியின் அடிப்பக்கம் வரை அளந்தால், எஃகுத் தந்தி அக்கூஸ்டிக்கில் சுமார் 2.5 மில்லிமீட்டர், எலெக்ட்ரிக்கில் அதைவிடக் குறைவு, கிளாசிக்கலில் 4 வரை இருக்கலாம். நட் பக்கம் பார்க்க, மூன்றாம் ஃபிரெட்டில் தந்தியை அழுத்துங்கள், முதல் ஃபிரெட்டுக்கு மேலே தந்தி மயிரிழை இடைவெளியில் நிற்க வேண்டும். பெரிய இடைவெளி இருந்தால் முதல் சில கார்டுகளை (பல தந்திகளைச் சேர்த்து வாசிக்கிற சுரக்கூட்டுகள்) பிடித்தாலே கை வலிக்கும், சுருதியும் கூடிப் போகும். கழுத்து வளைவுக்கு, முதல் ஃபிரெட்டிலும் கழுத்து உடலோடு சேருகிற இடத்திலும் ஒரே தந்தியை அழுத்திப் பிடித்து, 7ஆம் ஃபிரெட் பக்கத்தில் பாருங்கள், விசிட்டிங் கார்டு நுழைகிற அளவு இடைவெளி இருந்தால் சரி. கூடக் குறைய இருந்தாலும் உள்ளே இருக்கிற டிரஸ் ராட் என்ற கம்பியைத் திருப்பிச் சரிசெய்யலாம், கிளாசிக்கல் கிட்டார்கள் பலவற்றில் மட்டும் அந்தக் கம்பி இருக்காது.

பிறகு ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு ஃபிரெட்டாக எல்லாச் சுரங்களையும் வாசியுங்கள். கடைக்காரர் பார்க்கிறாரே என்று கூச்சப்பட வேண்டாம். எங்காவது ‘ஜிர்ர்’ என்று இரைந்தால், ஏதாவது சுரம் திடீரென்று அமுங்கிப் போனால் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாக 12ஆம் ஃபிரெட்டில் ஹார்மோனிக்கும் (தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்புகிற சுரம்) அழுத்தி வாசிக்கிற சுரமும் ட்யூனரில் ஒன்றாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். ஒன்றாக இல்லையென்றால் மேலே போகப் போக எல்லாமே அபசுரமாக இருக்கும்.

வயலினில் விஷயம் இன்னும் நுட்பம். பிரிட்ஜ், எஃப் எழுத்து வடிவத்தில் இருக்கிற இரண்டு எஃப் துளைகளின் உள்வெட்டுகளுக்கு நேராக நிற்க வேண்டும், தந்திகள் கட்டியிருக்கிற வால் பக்கம் இருக்கிற அதன் முகம் மேல் பலகைக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும், முன்னால் சாய்ந்திருந்தால் ஒருநாள் விழுந்து பலகையையும் காயப்படுத்தும். விரல் பலகையின் முடிவில் தடித்த ஜி தந்தி 5 முதல் 5.5 மில்லிமீட்டர், மெல்லிய ஈ தந்தி 3 முதல் 3.5 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால் நல்லது. முறுக்காணிகள் வழுக்கவும் கூடாது, கல்லாக இறுகவும் கூடாது. விரல் பலகை கருங்காலியா, கறுப்புச் சாயம் பூசிய மெத்தென்ற மரமா என்று ஓரத்தில் பார்த்தால் தெரியும், சாயம் பூசியது சில வருடத்தில் தந்தித் தடம் விழுந்து குழிந்துவிடும். எஃப் துளை வழியாக உள்ளே பாருங்கள், பிரிட்ஜின் மெல்லிய தந்திப் பக்கக் காலுக்குச் சற்றுப் பின்னால் ஒரு சின்ன மரத்தண்டு மேல் பலகைக்கும் கீழ் பலகைக்கும் நடுவில் நிற்கும். பசை எதுவும் இல்லாமல் அழுத்தத்திலேயே நிற்கிற அந்தத் தண்டை ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினாலும் வயலினின் குரல் மாறிவிடும். அது விழுந்துகிடந்தால் உடனே தந்திகளைத் தளர்த்திவிட்டு, செய்யத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

கடையில் செட்டப் சேர்த்துத் தருகிறார்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள். தருவார்கள் என்றால் அதற்காகக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாலும் நஷ்டம் இல்லை.

மரம், பெயர், பழமை

மரத்தைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தால் முடிவே இருக்காது. தொடங்குகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று மட்டும் சொல்கிறேன்: அக்கூஸ்டிக் கிட்டாரின் மேல் பலகை முழு மரமா, ஒட்டுப்பலகையா என்பது. ஸ்ப்ரூஸ், சீடர் போன்ற முழு மரப் பலகை நன்றாக அதிர்ந்து ஒலி தரும், வருடம் போகப் போக இன்னும் திறந்துகொள்ளும் என்று வாசிப்பவர்கள் பலரும் சொல்வார்கள். ஒட்டுப்பலகை ஈரத்துக்கும் வறட்சிக்கும் அசராது, ஒலி கொஞ்சம் அடக்கம். ஒலித்துளையின் விளிம்பைப் பாருங்கள், மேலே ஓடுகிற மரவரிகள் விளிம்பில் மடிந்து உள்ளேயும் தொடர்ந்தால் முழு மரம், அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டு. பக்கமும் முதுகும் ஒட்டுப்பலகையாக இருந்தால் முதல் கிட்டாருக்கு ஒரு குறையும் இல்லை.

பெயரும் பழமையும் காதை எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. 2010இல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் நடந்த வயலின் போட்டிக்கு வந்தவர்களையும் வேறு சிலரையும் சேர்த்து 21 வயலின் கலைஞர்களிடம், வெளிச்சம் மங்கிய ஓட்டல் அறையில், கண்ணுக்கு வெல்டிங் கண்ணாடி மாட்டி, மரத்தின் வாசனைகூடத் தெரியாதபடி நறுமணம் தடவி, மூன்று புதிய வயலின்களையும் மூன்று பழைய இத்தாலிய வயலின்களையும் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். பழையவற்றில் இரண்டு, உலகப் புகழ்பெற்ற இத்தாலியக் கைவினைஞர் ஸ்ட்ராடிவாரி செய்த ஸ்ட்ராடிவாரியஸ். ஆய்வின் முடிவு 2012இல் வெளிவந்தது: அதிகம் விரும்பப்பட்டது ஒரு புதிய வயலின், குறைவாக விரும்பப்பட்டது ஒரு ஸ்ட்ராடிவாரியஸ், எது பழையது எது புதியது என்று பெரும்பாலோரால் சொல்லவும் முடியவில்லை. பின்னர் பேர் பெற்ற 10 தனிக்கலைஞர்களோடு நடந்த இன்னொரு சோதனையிலும் 6 பேர் புதியதையே தேர்ந்தெடுத்தார்கள்.

இதை நீங்களும் கடையில் செய்யலாம், செலவே இல்லை. கூட வந்தவரிடம் விலையும் பெயரும் சொல்லாமல் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள், கண்ணை மூடிக்கொண்டு வாசியுங்கள், பிடித்ததை வரிசைப்படுத்துங்கள். வாசிக்கத் தெரியாது என்றால் திரும்பி நின்றுகொண்டு அவரை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கடையில் செலவிடும் நேரம்

கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள். ஆசிரியரோ வாசிக்கத் தெரிந்த நண்பரோ கூட இருந்தால் பாதி வேலை முடிந்தது. உங்களுக்குத் தெரிந்த ஒரே சின்னப் பகுதியை எல்லாக் கருவியிலும் வாசியுங்கள், ஒவ்வொன்றிலும் வேறு வேறு வாசித்தால் ஒப்பிடவே முடியாது. மெல்ல வாசிக்கும்போதும் ஒலி தெளிவாக வருகிறதா என்று கேளுங்கள், உரக்க வாசித்தால் எல்லாக் கருவியும் கொஞ்ச நேரம் நன்றாகத்தான் இருக்கும். கடையில் தொங்குகிற கிட்டார்களில் தந்தி பழசாகித் துருப்பிடித்திருந்தால் நல்ல கிட்டாரும் மந்தமாகத்தான் ஒலிக்கும், வாங்குகிற எண்ணம் உறுதியாக இருந்தால் புதுத் தந்தி போட்டுக் காட்டச் சொல்வதில் தப்பே இல்லை. வயலினை வாசிப்பவருக்குக் காதுக்கடியில் கேட்கிற ஒலி வேறு, அறையின் மறுகோடியில் கேட்கிற ஒலி வேறு. அதனால் இன்னொருவரை வாசிக்கச் சொல்லிவிட்டுத் தள்ளிப்போய் நின்று கேளுங்கள்.

மூன்று கருவிக்கு மேல் ஒரே நேரத்தில் ஒப்பிடாதீர்கள், காது களைத்துப்போகும். இரண்டு இரண்டாக ஒப்பிட்டு ஒன்றைக் கழித்துக்கொண்டே வாருங்கள். வயலின் கடைகளில் வாரக்கணக்கில் வீட்டுக்குக் கொடுத்துப் பார்க்கச் சொல்வது வழக்கம், அதைக் கண்டிப்பாகப் பயன்படுத்துங்கள், வீட்டில் உங்கள் அறையில் அதன் குரலே வேறாக இருக்கலாம்.

கீபோர்டும் பியானோவும்

பியானோ கற்கத்தான் ஆசை என்றால், 88 கட்டைகளும் உண்மையான பியானோவின் சுத்தியல்போல விரலுக்குக் கனம் தருகிற, எடையுள்ள ஹேமர் ஆக்‌ஷனும் இருக்கிற டிஜிட்டல் பியானோ வாங்குங்கள். 61 கட்டைக் கீபோர்டு இசை அமைப்பதற்கும் பாட்டுக்கு உடன் வாசிப்பதற்கும் போதும், ஆனால் விரலுக்கு எடை பழகாது, பின்னால் உண்மையான பியானோவில் உட்கார்ந்தால் விரல் ஓடாது. குறைந்தது அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி கூடிக் குறைய வேண்டும். பாலிஃபனி (ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய சுரங்களின் எண்ணிக்கை) என்ற எண் 128 இருந்தால் நல்லது, பெடலை மிதித்தபடி நிறைய சுரங்கள் வாசித்தால் குறைந்த எண்ணிக்கைக் கருவிகளில் பழைய சுரங்கள் பட்டென்று நின்றுவிடும். நூற்றுக்கணக்கான ஒலிகள், தாளங்கள் என்கிற விளம்பரத்தைப் பார்க்காதீர்கள். முதல் பியானோ ஒலி ஒன்று நன்றாக இருக்கிறதா, கட்டையைத் தட்டினால் சத்தம் போடாமல் திரும்பி வருகிறதா, அது போதும்.

பழைய அக்கூஸ்டிக் பியானோ யாராவது சும்மாவே தருகிறேன் என்றால், சரி என்பதற்கு முன் ஒரு டெக்னீஷியனைக் கூட்டிப்போங்கள். சுமார் 230 தந்திகள், மொத்தம் 18 முதல் 20 டன் வரை இழுவிசை, அத்தனையையும் தாங்குவது உள்ளே இருக்கிற இரும்புச் சட்டம், தந்திகளைப் பிடித்திருப்பது மரத்துக்குள் இறங்கிய ஆணிகள். அந்த ஆணிகள் தளர்ந்திருந்தால் எத்தனை தடவை சுருதி சேர்த்தாலும் நிற்காது, அதைச் சரிசெய்ய ஆகிற செலவில் வேறு நல்ல பியானோவே வாங்கிவிடலாம். ஒலிப்பலகையில் வெடிப்பு, சுத்தியல் கம்பளியில் ஆழமான தடங்கள், துருவேறிய தந்திகள் எல்லாவற்றையும் அவர் பார்த்துச் சொல்வார். பல வருடம் சுருதி சேர்க்காத பியானோ வழக்கமான சுருதியான 440 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கியிருக்கும், ஒரே மூச்சில் மேலே இழுத்தால் தந்தி அறுந்துவிடும் அபாயம் உண்டு, பல முறை செய்ய வேண்டும். தூக்கிக்கொண்டு வருகிற செலவையும் மறக்காதீர்கள்.

பழைய கருவி வாங்குவது

எனக்குப் பழைய கருவிகள்மேல் தனி மதிப்பு உண்டு. ஒருவர் வருடக்கணக்காக வாசித்துப் பார்த்துக்கொண்ட கிட்டார், அதே விலைக்கு வருகிற புதியதைவிடப் பெரும்பாலும் ஒரு படி மேலேயே இருக்கும். பார்க்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

கிட்டாரில் கீறலும் வண்ணம் உரிந்ததும் ஒன்றுமில்லை. பார்க்க வேண்டியது: பிரிட்ஜின் பின் ஓரம் பலகையிலிருந்து தூக்கியிருக்கிறதா, ஒரு காகிதம் உள்ளே நுழைகிறதா, தந்தி உயரம் அதிகமாக இருந்து, பிரிட்ஜில் இருக்கிற வெள்ளைப் பட்டையும் ஏற்கனவே மிகத் தாழ்ந்துவிட்டதா. அப்படியென்றால் கழுத்தையே பிரித்து மறுபடி பொருத்த வேண்டும், அது பெரிய வேலை, விலையில் அதைக் கழிக்காமல் வாங்காதீர்கள். தலைப்பகுதிக்குப் பின்னால், நட்டுக்கு அடியில், வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். தலை பின்னால் சாய்ந்திருக்கும் கிப்சன் வகைக் கிட்டார்களில் அங்கேதான் உடையும். நன்றாக ஒட்டியிருந்தால் வாசிக்கத் தடை இல்லை, ஆனால் விற்கும்போது விலை மிகவும் குறையும், வாங்கும்போதும் குறைந்திருக்க வேண்டும். கிளாசிக்கல் கிட்டாரில் யாராவது எஃகுத் தந்தி போட்டிருந்தால் கவனம்: நைலான் தந்திகளின் மொத்த இழுவிசை சுமார் 40 கிலோ, எஃகுத் தந்திகளுடையது 70 கிலோவுக்கு மேல், அந்தப் பலகை அதற்காகச் செய்யப்பட்டதல்ல.

வயலினில் பக்கப் பலகையும் மேல் பலகையும் சேருகிற ஓரம் திறந்திருந்தால் பயப்பட வேண்டாம். தோல் பசையால் ஒட்டப்படுவதே, பலகை வெடிப்பதற்குப் பதில் ஒட்டு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதற்காகத்தான், திரும்ப ஒட்டுவது எளிய வேலை. மேல் பலகையிலோ கீழ் பலகையிலோ உள் தண்டு நிற்கிற இடத்தில் வெடிப்பு இருந்தால் அது வேறு கதை, விட்டுவிடுங்கள். அப்புறம் உள்ளே ஒட்டியிருக்கிற சீட்டு. ஸ்ட்ராடிவாரியஸ் பெயரும் 17 என்று தொடங்கும் வருடமும் அச்சிட்ட சீட்டுள்ள வயலின்கள் உலகமெங்கும் எண்ணில்லாமல் கிடக்கின்றன, 19ஆம் 20ஆம் நூற்றாண்டுத் தொழிற்சாலைகளில் அந்த மாதிரியைப் பார்த்துச் செய்தவை. ஸ்ட்ராடிவாரி 1737இல் இறந்தார், அவர் செய்தவற்றில் இன்று சுமார் 650 கருவிகள் எஞ்சியிருப்பதாகக் கணக்கு, அவை ஏறக்குறைய எல்லாமே யாரிடம் இருக்கின்றன என்று பதிவும் இருக்கிறது. சீட்டில் செய்த நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தால் அது பெரும்பாலும் 1890க்குப் பிந்தையது, அந்த வருடத்து அமெரிக்கச் சுங்கச் சட்டம்தான் இறக்குமதிப் பொருளில் நாட்டுப் பெயரைக் கட்டாயமாக்கியது.

சாக்ஸபோன், கிளாரினெட், புல்லாங்குழல் என்றால் கீழ்ச் சுரங்களை மெல்ல ஊதிப் பாருங்கள், அவை வராமல் திணறினால் எங்கோ காற்று கசிகிறது. துளைகளை மூடுகிற எல்லாப் பேடுகளையும் மாற்றச் செலவு அதிகம். டிரம்பெட்டில் வால்வுகள் வழுவழுப்பாக இறங்கி ஏற வேண்டும், எல்லாச் சறுக்குக் குழாய்களும் நகர வேண்டும், ஊதுவாய் சேருகிற முதல் குழாயில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் பித்தளை உள்ளிருந்து அரிக்கிறது என்று பொருள். டிரம்ஸில் காசைச் சிம்பலில் (அடிக்கிற உலோகத் தட்டு) போடுங்கள். மலிவு செட்டோடு வருகிற பித்தளைச் சிம்பல்களின் ஒலியை எதுவாலும் மாற்ற முடியாது, தோலை மாற்றிச் சுருதி சேர்த்தால் டிரம் மாறிவிடும். பழைய சிம்பலில் ஓரத்தில் விரலை ஓட்டி வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள், சின்ன வெடிப்பும் பரவும். நடுத் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் ஸ்டாண்டில் உறையில்லாமல் மாட்டி அடித்திருக்கிறார்கள்.

தனியாரிடம் வாங்கும்போது வரிசை எண்ணைப் படம் எடுத்து, திருட்டுப் பொருள் இல்லை என்பதை முடிந்த அளவு உறுதி செய்து, பெயரும் தேதியும் எழுதிய ரசீது வாங்குங்கள். வரிசை எண் சுரண்டப்பட்டிருந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து பழைய கிட்டாரோ வில்லோ வரவழைக்கிறீர்கள் என்றால் மரத்தையும் விசாரியுங்கள்: பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் மிகக் கடுமையான சர்வதேசக் கட்டுப்பாட்டில் இருக்கிறது, பழைய வில்களில் தந்தமும் ஆமையோடும் இருக்கக்கூடும், அனுமதிக் காகிதம் இல்லாமல் எல்லையில் நின்றுவிடும். மற்ற ரோஸ்வுட் வகைகளில் செய்து முடித்த கருவிகளுக்கு 2019இல் விலக்கு கொடுத்துவிட்டார்கள்.

ஆன்லைனில் வாங்கினால்

கையில் தொடாமல் வாங்குவதை நான் விரும்புவதில்லை, ஆனால் பக்கத்தில் கடையே இல்லாதவர்களுக்கு வேறு வழி கிடையாது. அப்போது திருப்பி அனுப்பும் காலம் எத்தனை நாள், அனுப்புகிற செலவு யாருடையது என்பதுதான் விலையைவிட முக்கியம். பெட்டி வந்ததும் திறக்கிற இடத்திலிருந்தே வீடியோ எடுங்கள். மிகக் குளிரான அல்லது மிகச் சூடான வண்டியில் வந்திருந்தால் பெட்டியைத் திறக்காமல் அறையில் பல மணி நேரம் விட்டுவிட்டுத் திறங்கள், வெப்பம் சட்டென்று மாறினால் பூச்சு மயிர்க்கோடாக வெடிக்கும். மேலே சொன்ன எல்லாச் சோதனைகளையும் திருப்பி அனுப்பும் காலம் முடிவதற்குள் செய்து முடியுங்கள், அதுவரை பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

முதல் வாரம் புதுத் தந்திகள் இளகிக்கொண்டே இருக்கும், தினமும் பல முறை சுருதி சேர்க்க வேண்டியிருக்கும், கருவி கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். மரக்கருவி இருக்கிற இடத்தில் காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் இருந்தால் நல்லது, சின்ன ஈரப்பதமானி ஒன்றை உறைக்குள் போட்டு வையுங்கள். வறட்சியில் பலகை வெடிக்கும், ஈரம் கூடினால் பலகை உப்பித் தந்தி உயர்ந்துவிடும். நிறுத்திய காருக்குள் வெயிலில் ஒருபோதும் விடாதீர்கள், பசை இளகிவிடும். புது மரக் கிளாரினெட்டை முதல் வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஊதிப் பழக்கி, ஒவ்வொரு முறையும் உள்ளே துடைத்து வையுங்கள். வயலினில் வாசித்து முடித்ததும் தந்தியிலும் பலகையிலும் படிந்த ரோசின் (வில்லில் தேய்க்கிற பிசின்) தூளை மெல்லிய துணியால் துடையுங்கள், வில்லைத் தளர்த்திவிட்டுத்தான் பெட்டியில் வைக்க வேண்டும்.

இரண்டு மூன்று மாதம் வாசித்த பிறகு செட்டப் செய்தவரிடம் மறுபடி ஒரு முறை கொண்டுபோங்கள். மரம் உங்கள் வீட்டுக் காற்றுக்குப் பழகி இருக்கும், உங்கள் விரலும் கொஞ்சம் தேறியிருக்கும், தந்தி எவ்வளவு தாழ வேண்டும் என்று இப்போது நீங்களே அவரிடம் சொல்ல முடியும்.